ஒலியெழுப்பாத கை

பலர் கூடி ஓர் இசையை எழுப்பும்போது, அவர்கள் முன்னே ஒருவர் மட்டும் எந்த ஒலியும் எழுப்பாமல் நிற்கின்றார். அவர் பாடுவதில்லை, குழல் ஊதுவதில்லை, வில் இழுப்பதுமில்லை. அவருடைய கைகள் காற்றில் எழுகின்றன, தாழ்கின்றன, விரிகின்றன, அவ்வளவே. ஆயினும் இசை முடிந்தவுடன் அவையினரின் பாராட்டு முதலில் சென்று சேர்வது அவரிடமே. மேனாட்டார் அவரைக் கண்டக்டர் என்பர். நாம் இசை நடத்துநர் என்கிறோம்.

நடத்துநர் என்றவுடன் நம்மவர்க்குச் சீட்டுக் கொடுக்கும் பேருந்து நடத்துநரே நினைவுக்கு வருவார். அந்த ஒப்புமையும் முற்றிலும் பொருந்தாததன்று. வண்டியை ஓட்டுபவர் அவரல்லர். ஆனால் அவர் கயிற்றை இழுத்து இரட்டை மணி அடித்தாலன்றி வண்டி புறப்படாது. ஒற்றை மணி அடித்தாலன்றி நிற்காது. ஓட்டும் உழைப்பு ஒருவருடையது. ஓடலாம், நிற்கலாம் என்னும் குறிப்பு மற்றொருவருடையது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒலியெழுப்பாத ஒரு கைக்கு, ஒலியெழுப்பும் பலரை வழிநடத்தும் உரிமை எங்கிருந்து வருகிறது? அந்த உரிமை நேர்மையுடையதாக விளங்குவது எப்போது? இது இசைக்கு மட்டும் உரிய வினா என்று தோன்றவில்லை. வீட்டிலும், பள்ளியிலும், அலுவலகத்திலும், சங்கங்களிலும் தாம் செய்யாத செயலைப் பிறர் செய்யுமாறு கையசைக்கும் நிலை நம்மில் பலருக்கும் ஒரு நாள் வாய்க்கின்றது. ஆகவே இசையையே சான்றாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

கோல் மௌனமான வரலாறு

ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டின் அவைகளில் தாளம் காட்டுபவர் மௌனமாக இருந்தாரல்லர். நீண்டதொரு தடியால் தரையைத் தட்டிக் காலம் காட்டும் வழக்கம் இருந்தது. பிரான்சு நாட்டின் பதினான்காம் லூயி மன்னன் நோயினின்றும் தேறியதைக் கொண்டாட 1687ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு வழிபாட்டிசை நிகழ்ந்தது. அதனை நடத்திய லல்லி என்னும் அரசவை இசைஞர், வேகத்தில் தடியைத் தம் கால்விரல் மீதே குத்திக்கொண்டார். புண் புரையோடிற்று. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அவர் உயிர் நீத்தார். வழிநடத்தும் கருவியே வழிநடத்தியவரின் உயிரைக் கொண்டுபோன செய்தி இசை வரலாற்றில் இன்றளவும் பேசப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாத்தியக் குழுக்கள் பெருகின. கருவிகள் கூடக் கூட, தட்டும் ஓசை இசைக்கு இடையூறாயிற்று. தடி சுருங்கிச் சிறுகோலாயிற்று; தரையை விட்டுக் காற்றுக்கு ஏறிற்று; ஓசையை விட்டுச் சைகையாயிற்று. 1835இல் லைப்சிக் நகரத்துப் புகழ்பெற்ற வாத்தியக் குழுவின் பொறுப்பேற்ற மெண்டல்சன் போன்றோர் இம்முறையை நிலைபெறச் செய்தனர். இருபது ஆண்டுகள் கழித்துப் பெர்லியோசு என்னும் பிரெஞ்சு இசைஞர் நடத்துநர் கலையைப் பற்றித் தனி இலக்கணமே எழுதினார்.

அந்த இலக்கணத்தின் அடிப்படை எளியது. இரண்டெண்ணுக்குக் கை கீழும் மேலும் செல்லும். மூன்றெண்ணுக்குக் கீழே, வலப்புறம், மேலே. நான்கெண்ணுக்குக் கீழே, இடப்புறம், வலப்புறம், மேலே. எந்த எண்ணாயினும் முதல் எண்ணிக்கை கீழ்நோக்கியே விழும். இறுதி எண்ணிக்கை மேல்நோக்கியே எழும். குழுவில் நூறு பேர் இருப்பினும், ஏட்டிலிருந்து ஒரு கணம் கண்ணுயர்த்திய எவரும் தாம் எங்கே நிற்கின்றோம் என்று அறிந்துகொள்வர். வலக்கை காலத்தைக் காக்கும். இடக்கை கருத்தைக் காட்டும்: ஒலியைக் கூட்டுக, குறைக்க, நீ இப்போது நுழைக, இந்த இடத்தில் சற்று நிறுத்துக என்பன அதன் மொழி.

இவை யாவற்றிலும் அரியது ஒன்றுண்டு. முதல் ஒலி எழுவதற்கு முன்னே ஓர் அசைவு இருக்கிறது. கை மெல்ல மேலெழுகிறது; பாடுவோர் அதனுடன் சேர்ந்து மூச்சை உள்ளிழுக்கின்றனர். அவ்வசைவின் வேகமே வரப்போகும் பாட்டின் வேகம். அதன் மென்மையே வரப்போகும் ஒலியின் மென்மை. இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றிப் பலருக்கும் ஒரே கணத்தில் அளிக்கப்படும் வாக்குறுதி என்று அதனைச் சொல்லலாம். கை எழும்போது ஒரு வேகத்தையும், விழும்போது வேறொரு வேகத்தையும் காட்டுமாயின் குழு சிதறும். சிதறிய ஓசைக்கு அவையினர் யாரைக் குறை கூறுவர்? பிசிறிய குரலைத்தான். ஏனெனில் குரல் கேட்கிறது; கை கேட்பதில்லை.

இதுவே நம் வினாவின் உள்முடிச்சு. ஒலியெழுப்புவோனின் பிழை உடனே வெளிப்படும். ஒலியெழுப்பாத கையின் பிழை பிறர் குரலில் சென்று ஒளிந்துகொள்ளும். ஆதலின் அக்கைக்குப் பொறுப்பு குறைவன்று, மிகுதி.

நம்மூரின் மூன்று கைகள்

காட்டாக்கடையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகப் பாறசாலை வரை செல்லும் இந்தச் சிறு நிலப்பகுதியில், இசையை வழிநடத்தும் கைகளில் மூன்று வகையைக் காண்கிறோம். தேவாலயத்துப் பாடற்குழுவின் முன்னே நிற்கும் கை ஒன்று. கோயில் திருவிழாவில் செண்டை மேளத்தின் நடுவே நிற்கும் கை மற்றொன்று. இசை வகுப்பில் சிறுவர் தத்தம் தொடையின் மீது தாளம் போடும் கை மூன்றாவது.

தேவாலயத்துக் கை மேலே சொன்ன மேனாட்டு முறையின் வழித்தோன்றல். அது குழுவுக்கு வெளியே நின்று குழுவை நோக்குகிறது. தான் பாடாதிருத்தலே அதன் இலக்கணம்.

மேளத்தின் தலைவரை மலையாளத்தார் பிரமாணி என்பர். அவர் வெளியே நிற்பவரல்லர். தாமும் செண்டையைத் தோளில் சுமந்து, முன்வரிசையின் நடுவே நின்று, எல்லோருடனும் கொட்டுகின்றார். திருச்சூர்ப் பக்கத்தில் செழித்து வளர்ந்த பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலங்கள் உண்டு. முதற்காலத்தில் தாள வட்டம் 96 எண்ணிக்கை கொண்டது. பின் 48, 24, 12 எனப் பாதி பாதியாகக் குறைந்து ஐந்தாம் காலத்தில் 6 ஆகின்றது. செண்டை, இலைத்தாளம், கொம்பு, குழல் என நூற்றுக்கு மேற்பட்டோர் கூடும் மேளங்களிலும் ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குச் சிதறாமல் மாறுகின்றனர். பிரமாணியின் கோல் சற்று உயரும். உடல் சற்று எழும்பும். எதிரே நிற்கும் குழற்காரரின் கண்ணை அவர் கண் சந்திக்கும். குறிப்பு அவ்வளவே. அந்தக் குறிப்புக்கு மதிப்பு ஏன்? அவரும் அதே வெயிலில், அதே பாரத்தைச் சுமந்து, அதே வட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதனாலன்றோ?

மூன்றாவது கையே நம் இசை மரபின் தனிச்சிறப்பு. கருநாடக இசையில் தாளம் ஒருவர் கையில் மட்டும் இருப்பதன்று. பாடுவோர் கையில் இருக்கிறது. கற்போர் கையில் இருக்கிறது. அவையில் அமர்ந்து கேட்போர் கையிலும் இருக்கிறது. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர் தட்டும் வீச்சும், மீண்டும் தட்டும் வீச்சும். ஆக எட்டு. இந்த எட்டில் ஓசையுடையவை மூன்று தட்டுகளே. விரல் மூன்றும் வீச்சு இரண்டும் ஆகிய ஐந்தும் ஓசையற்றவை. தாளச் செயல்களை ஓசையுள்ளவை நான்கு, ஓசையற்றவை நான்கு என்று பரதரின் நாட்டிய நூல் பழங்காலத்திலேயே பகுத்துரைத்தது. ஓசையற்ற அசைவும் கணக்கில் சேர்ந்ததே என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. சில பாட்டுகள் தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை. சற்று இடம் விட்டுத் தொடங்கும். அப்போது கை முதலில் விழுகிறது, குரல் காத்திருக்கிறது, உரிய இடம் வந்தபின் எழுகிறது. அந்த இடைவெளியைப் பொறுக்க மாட்டாத மாணவன் முந்திப் பாடிவிடுவான். ஆசிரியர் அவனுக்குக் கற்பிப்பது பாட்டையன்று, காத்திருத்தலை.

ஆட்டத்திலும் இவ்வாறே. நம் நட்டுவனார் கையில் தாளங்களை ஏந்தி, வாயால் சொற்கட்டுரைத்து, ஆடுவோரையும் பாடுவோரையும் இணைக்கின்றார். பயிற்சிக் காலத்திலோ தட்டுக்கழியே அவருக்குச் செங்கோல். தஞ்சை நால்வரில் ஒருவராகிய வடிவேலு, சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் சிறப்புற்றிருந்தது இந்தத் திருவிதாங்கூர் மண்ணுக்குத் தமிழ்க் கைகள் புதியனவல்ல என்பதற்குச் சான்று. கதகளியிலோ ஒரு விந்தை நிகழ்கிறது. முதற்பாடகர் சேங்கிலத்தைத் தட்டிக் காலம் காக்கின்றார். ஆனால் செண்டையும் மத்தளமும் நடிகரின் கைமுத்திரையைக் கண்ணால் கண்டு, அதற்கேற்பக் கொட்டுகின்றன. கையசைவு முன்னே, ஓசை பின்னே.

தலைவரில்லாத குழு

நம் மரபில் தாளம் அவரவர் கையில் இருப்பதால், மேனாட்டு நடத்துநரைத் தேவையற்ற அதிகாரம் என்று தள்ளிவிடலாமா? அங்கேயே அவ்வாறு எண்ணியவர்கள் உண்டு. 1922இல் மாஸ்கோ நகரில் நடத்துநரே இல்லாத பெரிய வாத்தியக் குழு ஒன்று தோன்றிற்று. அனைவரும் சமம் என்னும் கொள்கையின்படி, ஒருவரையொருவர் காணுமாறு வட்டமாக அமர்ந்து இசைத்தனர். பத்தாண்டுகள் நடந்து 1932இல் அக்குழு முடிவுற்றது. 1972இல் நியூயார்க் நகரில் தோன்றிய ஆர்ஃபியசு என்னும் சிறு குழுவும் நடத்துநர் இன்றியே பல்லாண்டுகளாகப் புகழுடன் இசைத்து வருகின்றது. அங்கே ஒவ்வோர் இசைக்கும் குழுவிலேயே வெவ்வேறு சிலர் முன்னின்று வழிகாட்டுகின்றனர்.

இவற்றால் நாம் அறிவது யாது? ஒரு தனி மனிதர் இல்லாமலும் இசை நடக்கும். ஆனால் அவர் சுமந்த பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. அது எல்லோர் தோள்களிலும் பகிர்ந்து ஏறுகின்றது. ஒவ்வொருவரும் தம் பகுதியை மட்டுமன்றிப் பிறர் பகுதியையும் கேட்டாக வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவரும் தத்தம் கலையில் வல்லராயிருத்தலோடு பிறர் கலையின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும் என்று காட்டுகின்றது. கேட்கும் செவி உள்ள இடத்தில் கை சிறிதாகலாம். கேட்கும் செவி இல்லாத இடத்தில் எத்துணைப் பெரிய கையாலும் பயனில்லை.

கை கற்றுக்கொள்ளும் விதம்

அவ்வாறாயின் வழிநடத்தும் கை எங்ஙனம் கற்றுக்கொள்கிறது? கண்ணாடி முன் நின்று கைவீசிப் பழகுவது அக்கல்வியின் சிறு பகுதியே. பெரும்பகுதி செவியில் நிகழ்கிறது. இசையேட்டைப் படித்தவுடன் அத்தனை கருவிகளின் ஒலியும் மனத்துள்ளே கேட்க வேண்டும். உள்ளே கேளாத ஒன்றைக் கை வெளியே காட்ட இயலாது.

பம்பாயில் 1936இல் பிறந்த சுபின் மேத்தா, 1954இல் வியன்னா சென்று சுவரோவ்சுகி என்னும் ஆசிரியரிடம் பயின்றார். இத்தாலியரான கிளாடியோ அபாதோ அவருடைய உடன்மாணவர். பேரிசைஞர்கள் ஒத்திகை நடத்தும் முறையை அருகிருந்து காண இருவருக்கும் ஆவல். அதற்காக அவர்கள் அந்நகரப் பெரும் பாடற்குழுவில் சேர்ந்து, கீழ்க்குரல் பாடுவோரின் வரிசையில் நின்று பாடினர். பின்னாளில் உலகின் பெருங்குழுக்களை நடத்திய இருவரும், பிறர் கையை நோக்கிப் பாடியே கையசைக்கக் கற்றனர். செண்டை பயிலும் சிறுவனும் இவ்வாறே முதலில் கல்லின் மீது புளிய மரக்கோலால் நெடுங்காலம் சாதகம் செய்து, வரிசையின் பின்னே நின்று, மெல்ல மெல்ல முன்னே வருகின்றான். பின்வரிசையை அறியாமல் முன்வரிசைக்கு வந்தவரின் கையில் குறிப்பு இருக்காது; அசைவு மட்டுமே இருக்கும்.

எழாத கையும் ஒரு சைகை

கை வெறும் காலம் காட்டும் கருவி என்றும், எந்த இசைக்கு, யார் பொருட்டு அது எழுகிறது என்பது அதன் கவலையன்று என்றும் சிலர் கூறக்கூடும். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1931ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் பொலோன்யா நகரில் தாஸ்கனீனி என்னும் பெரும் நடத்துநர், பாசிசக் கட்சியின் பாட்டை இசைக்கக் கையுயர்த்த மறுத்தார். அரங்கின் வாயிலிலேயே அக்கட்சியினர் அவரைத் தாக்கினர். அன்று அவர் கை எழவில்லை. அந்த எழாமையே உலகெங்கும் கேட்டது.

1942 ஏப்ரலில் பெர்லினில் ஃபுர்ட்வாங்லர் என்னும் மற்றொரு பெரும் நடத்துநர், இட்லரின் பிறந்தநாளையொட்டிப் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். அவர் அக்கட்சியில் சேர்ந்தவரல்லர். யூத இசைஞர் சிலருக்கு உதவியவரும் கூட. போருக்குப் பின் நடந்த விசாரணையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆயினும் அன்று எழுந்த கையைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. மனிதரெல்லாம் உடன்பிறந்தோர் என்று முழங்கும் இசை அது. அதனைக் கேட்டிருந்த ஆட்சியோ அதற்கு நேர்மாறானது. நான் ஒலியெழுப்பவில்லை, கையைத்தான் அசைத்தேன் என்னும் மறுமொழி அறத்தின் முன் நிற்பதில்லை. அலுவலகத்தில் ஒப்பம் இடும் கைக்கும், ஊர்க்கூட்டத்தில் தலைமை தாங்கும் கைக்கும் இதே நியாயந்தான்.

இதுகாறும் கண்டவற்றால் நம் வினாவுக்கு ஒரு விடை கிடைக்கின்றது. வழிநடத்தும் கை, தான் காட்டும் தாளத்துக்குத் தானே முதலில் அடங்கியிருக்கும் வரை அதன் உரிமை நேர்மையானது. தாளம் போடும் கை தாளத்தின் ஆண்டையன்று. எட்டெண்ணிக்கையை ஏழாக்கவோ ஒன்பதாக்கவோ அதற்கு உரிமையில்லை. எல்லோருக்கும் முன்னே அதுவே கட்டுப்பட்டது. கட்டுப்பட்டதனாலேயே பிறர் அதனை நம்புகின்றனர்.

நம் வீட்டுக் கை

இந்த விடையை நம் வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இருந்த இடத்திலேயே இருந்து எல்லைக்கு இப்பால் ஆனவர்களும், பணியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் பிறகு வந்து குடியேறியவர்களும் சேர்ந்ததே இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் கூட்டம். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்கின்றனர், ஆங்கிலம் கற்கின்றனர். அவை நல்லவை, கற்கவே வேண்டும். தமிழோ வீட்டின் கையை நம்பி நிற்கின்றது.

எல்லை ஊரில் ஒரு பாடற்குழு ஒரு பாட்டைத் தமிழிலும் அடுத்த பாட்டை மலையாளத்திலும் பாடுமாயின், முன்னே நிற்பவரின் கை மாறுவதில்லை. நான்கெண்ணுக்கு நான்கே. கைக்கு மொழிப்பகை இல்லை. ஆனால் கையால் மட்டும் எந்த மொழியும் பாடப்படுவதும் இல்லை. குரல் தருவோர் இல்லையேல், காற்றில் வீசும் கை வெறும் வீச்சே.

தமிழ் வளர்க என்று மேடையில் கையுயர்த்துவோர் நம்மிடையே குறைவில்லை. சங்கத்தின் ஆண்டு விழாவில் முன்னே நின்று கோலேந்த விரும்புவோரும் பலர். பின்வரிசையில் நின்று பாட விரும்புவோர் எத்தனை பேர்? பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைப் படி என்று கட்டளையிட்டுவிட்டுத் தந்தை தாம் ஒரு தமிழேட்டைத் தொட்டுப் பல திங்கள் ஆகியிருந்தால், அந்தக் கை எழும்போது ஒரு வேகமும் விழும்போது வேறு வேகமும் காட்டிய கையே. பிள்ளையின் நாக்கு தடுமாறும்போது, நாம் பிள்ளையைக் குறை கூறுகின்றோம். தடுமாறியது குரல், தவறியது குறிப்பு.

அதற்காகப் பெற்றோர் பிள்ளையின் பாட்டைத் தாமே பாடிவிடவும் இயலாது. பிள்ளையின் தமிழ் நம் தமிழாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அதில் இந்த மண்ணின் மலையாள வாடை வீசும். சில சொற்கள் எல்லையைக் கடந்து வந்து கலக்கும். வீசட்டும். குரல் அவர்களுடையது. நம்முடையது முன்னசைவு மட்டும்: அவர்களுடன் சேர்ந்து மூச்சை உள்ளிழுப்பது, நாள்தோறும் சிறிது நேரம் அவர்களோடு அமர்ந்து படிப்பது, அவர்கள் தொடங்கும் இடம் வரும் வரை பொறுப்பது.

திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் இசை முடிந்தபின் கைதட்டும் வழக்கம் இல்லை. பாடியவரும் கேட்டவரும் அமைதியாக எழுந்து செல்கின்றனர். பாராட்டொலி எழவில்லை என்பதற்காக அங்கே இசை குறைந்துவிடவில்லை. வீட்டில் தாளம் காக்கும் தாய்க்கும் தந்தைக்கும் கைதட்டும் அவை இல்லை. என்றேனும் ஒருநாள் பிள்ளை தானாகவே ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து விரிக்குமாயின், அப்போது அதன் கை தொடையின் மீது தானே தாளம் போடத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் கையை நாம் மெல்லத் தாழ்த்திக்கொள்ளலாம்.